மறு: மாண்டிசோரியில் படிக்கும் 7 வயது மகனுக்கு வாசிப்பு வரவில்லை

வணக்கம் அம்மா. கெ, கே இரண்டும் குழம்புகின்றன, நேற்று படித்த சொல் இன்று மறந்துபோகிறது, ஆசிரியையோ "அவன் வேகத்தில் வரட்டும்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 4 வயதென்றால் நானும் அதையே சொல்வேன். 7 வயதில் காத்திருக்க வேண்டாம்.

முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் டிஸ்லெக்ஸியா (வாசிப்பையும் எழுத்துக்கூட்டுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளர் அல்லது மருத்துவ உளவியலாளரிடம் மதிப்பீடு. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பின்னாளில் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

பள்ளியை மாற்ற அவசரப்படாதீர்கள். இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே ரோமில் இப்படித் தனிக் கவனம் தேவைப்பட்ட குழந்தைகளோடுதான் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகுவது உங்கள் மகனுக்கு ஏற்ற வழி. ஆனால் கெ, கே இரண்டையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. ஒன்று உறுதியான பிறகே மற்றது. எழுதக் கை வராவிட்டால் எழுத்துப் பெட்டியிலிருந்து தனித்தனி எழுத்துகளை எடுத்து அடுக்கிச் சொல் அமைக்கட்டும்.

ஒரு சிக்கல்: மாண்டிசோரி வகுப்பில் வேலையைக் குழந்தையே தேர்ந்தெடுப்பதால், எழுத்துப் பயிற்சிப் பொருள்கள் இருக்கும் மொழி அலமாரிப் பக்கமே போகாமல் தப்பித்துக்கொள்வான் (கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் பலே!). தினமும் காலையில் பத்து நிமிடம் ஆசிரியை தானே அழைத்து உட்கார வைப்பாரா என்று கேளுங்கள்.