சுற்றுலாத் துறைக்கு எத்தனை பிரிவுகள்? பயணத்தின் ரசீதுகளை எடுத்து வையுங்கள்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். ஒரு பயண நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். "சுற்றுலாத் துறை என்றால் என்ன, அதில் என்னென்ன பிரிவுகள்" என்று கண்டிப்பாகக் கேட்பார்களாம். நான் புரட்டிய குறிப்புகளில் ஒன்று ஐந்து பிரிவு என்கிறது, இன்னொன்று எட்டு என்கிறது. ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறவரும் சுற்றுலாப் பயணியா? டிராவல் ஏஜென்டும் டூர் ஆபரேட்டரும் ஒன்றுதானா? எனக்கு எந்தப் பிரிவு சரிப்படும்?

பதில்: எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஐந்தா எட்டா என்ற குழப்பம் ஏன் வருகிறது என்று தெரிந்துவிட்டால், மற்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஜவுளித் துறை துணி நெய்கிறது, சிமென்ட் துறை சிமென்ட் செய்கிறது. எது உற்பத்தியாகிறதோ அதை வைத்துத்தான் துறைக்குப் பெயர். சுற்றுலாவுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். இங்கே வாங்குகிறவர் யார் என்பதுதான் கேள்வி. ஒரே டாக்ஸி, ஒரே ஓட்டுநர், ஒரே தூரம். ஊர்க்காரர் ஏறினால் அது சாதாரணப் போக்குவரத்து. ரயிலை விட்டிறங்கி வந்த வெளியூர்க்காரர் ஏறினால் அதே சவாரி சுற்றுலா வருமானம். ஓட்டுநருக்கு இந்த வித்தியாசம் தெரியக்கூடத் தெரியாது. உணவகம், மருந்துக்கடை, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால்தான் கோடு எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

அப்படியானால் அந்த "வெளியூர்க்காரர்" யார்? மாட்ரிட்டில் இருக்கும் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் வரையறையைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். தன் வழக்கமான சூழலை விட்டு வேறிடம் போக வேண்டும். ஓராண்டுக்குக் குறைவாகத் தங்க வேண்டும். போன இடத்து நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் அவர் வருகையாளர். ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. காலையில் வந்து மாலையில் திரும்பினால் ஒரு நாள் வருகையாளர்.

உங்கள் கேள்விக்கு வருவோம். ஆபீஸ் வேலையாக மாநாட்டுக்குப் போகிறவர் சுற்றுலாப் பயணிதான், ஏனென்றால் அவருக்குச் சம்பளம் தருவது அவருடைய சொந்த ஊர் நிறுவனம். அக்கா வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறவர், புனிதத் தலத்துக்குப் போகிறவர், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், ஆறு மாதப் படிப்புக்குப் போகிறவர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர், தூதரக அதிகாரி, அகதி, விமானம் மாறுவதற்காக நிலையத்துக்குள்ளேயே காத்திருக்கிறவர் ஆகியோர் வர மாட்டார்கள். பையில் கேமரா இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை!

பயணத்தின் திசையை வைத்து மூன்று சொற்கள் உண்டு: சொந்த நாட்டுக்குள் போனால் உள்நாட்டுச் சுற்றுலா, வெளிநாட்டிலிருந்து வந்தால் உள்வரும் சுற்றுலா, இங்கிருந்து வெளியே போனால் வெளிச்செல்லும் சுற்றுலா. தொழிலில் இவற்றை டொமஸ்டிக், இன்பவுண்ட், அவுட்பவுண்ட் என்றே சொல்வார்கள். வணிகவியல் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்பவுண்ட் என்பது பொருளாதாரக் கணக்கில் ஏற்றுமதி. சரக்கு கப்பலேறுவதில்லை, வாங்குகிறவர் தன் பணத்தோடு சரக்கு இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறார். தேர்வில் இதை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது பிரிவுகள். மனப்பாடம் வேண்டாம். நீங்கள் கடைசியாகப் போய்வந்த பயணத்தின் ரசீதுகளை மனதுக்குள் வரிசையாக அடுக்குங்கள். முன்பதிவு செய்தவருக்குக் கொடுத்தது, டிக்கெட்டுக்குக் கொடுத்தது, அறை வாடகை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டிக்குக் கொடுத்தது, வாங்கிவந்த பொருள், காப்பீடு. முதன்மையான பிரிவுகள் அனைத்தும் இதற்குள் வந்துவிட்டன: பயண வணிகம், போக்குவரத்து, தங்குமிடம், உணவு, ஈர்ப்பிடங்கள், துணைச் சேவைகள். இவற்றோடு மாநாடு, கண்காட்சி நடத்தும் நிகழ்வுப் பிரிவையும், ஊரை விளம்பரப்படுத்தும் சுற்றுலாக் கழகங்களையும் சேர்த்தால் எட்டு. தங்குமிடத்தையும் உணவையும் விருந்தோம்பல் என்று ஒன்றாக்கி, இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஐந்து. இரண்டு குறிப்புகளும் சரிதான். சர்வதேசப் புள்ளியியல் பரிந்துரைகளோ 12 வகை என்கின்றன: ரயில், சாலை, நீர்வழி, விமானம் என்று போக்குவரத்தையே பிரித்துப் போட்டு, கடைசி இரண்டு வகைகளை அந்தந்த நாட்டின் தேவைக்கு விட்டுவிடுகின்றன.

ரசீதுகள் எந்தெந்த இடத்தில் கிழிக்கப்பட்டன என்றும் பாருங்கள். சில புறப்படுமுன் வீட்டிலேயே, சில வழியில், மற்றவை போய்ச்சேர்ந்த ஊரில். நீல் லைப்பர் என்ற ஆய்வாளர் 1979இல் சுற்றுலாவை இப்படித்தான் வரைந்து காட்டினார்: பயணி புறப்படும் பகுதி, கடந்துபோகும் வழி, சேரும் இடம். டிராவல் ஏஜென்ட் பெரும்பாலும் முதல் பகுதியில் இருக்கிறார், விமானம் நடுவில், ஹோட்டல் கடைசியில். கடைசியில் இருப்பவருக்கு ஒரு சங்கடம். அவருடைய வியாபாரம் எங்கோ தொலைவில் புறப்படும் பகுதியின் சம்பளத்தையும் விடுமுறையையும் நம்பி நடக்கிறது. 2019இல் சுமார் 146 கோடியாக இருந்த சர்வதேசப் பயணிகள் வருகை, பெருந்தொற்று வந்த 2020இல் சுமார் 40 கோடிக்கு இறங்கியது. கடற்கரையும் கோபுரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. புறப்பட ஆளில்லை, போக வழியில்லை.

போக்குவரத்தையும் ஈர்ப்பிடங்களையும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வில் ஆட்கள் தடுமாறுவது பயண வணிகத்தில்தான், அதிலும் நீங்கள் கேட்ட அந்த வித்தியாசத்தில்.

டிராவல் ஏஜென்ட் விற்றுக்கொடுப்பவர். விமான நிறுவனத்தின் இருக்கை, ஹோட்டலின் அறை, வேறொருவர் கட்டிய பேக்கேஜ் ஆகியவற்றைப் பதிவு செய்து கொடுத்து, கமிஷனோ சேவைக் கட்டணமோ வாங்கிக்கொள்வார். விற்காத சரக்கு அவர் தலையில் விழாது. டூர் ஆபரேட்டர் முன்கூட்டியே மொத்தமாகப் பேசி வைத்து, பல சேவைகளை ஒன்றாகக் கட்டி, தன் பெயரில் ஒரே விலைக்கு விற்பவர். லாபமும் அவருடையது, நஷ்டமும் அவருடையது.

ஒரு கணக்கு போடுவோம். 40 இருக்கைப் பேருந்து, நான்கு நாள் பயணம். பேருந்துக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து 2,000 டாலர். எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் தலைக்கு 150 டாலர். விற்கும் விலை 225. ஆக ஒவ்வொருவரிடமும் 75 மிஞ்சும். 26 பேர் சேர்ந்தால் 1,950, இன்னும் நஷ்டம்தான். 27ஆவது ஆள் பணம் கட்டியபிறகுதான் ஆபரேட்டர் மூச்சு விடுவார். 40 பேரும் நிறைந்தால் 1,000 டாலர் லாபம். பிடித்து வைத்த அறைகளைத் திருப்பிக் கொடுக்க ஹோட்டல் ஒரு கெடு தேதி வைத்திருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய வாரம் 22 பேரோடு நிற்கும் ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்திருந்தால், ஏஜென்டும் ஆபரேட்டரும் ஒன்றா என்று கேட்க மாட்டீர்கள்.

இந்தத் தொழிலின் முன்னோடி என்று தாமஸ் குக்கைச் சொல்வார்கள். 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃபரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். ரயில் அவருடையது கிடையாது. ரயில் நிறுவனத்தோடு பேசி, ஏற்பாடு செய்து, சேர்த்துக் கட்டியதுதான் அவர் செய்தது. அவர் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் நிறுவனம் 2019 செப்டம்பரில் நொடித்தபோது, அதன் வாடிக்கையாளர்களில் சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ்காரர்கள் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டார்கள். அரசு தலையிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். சேர்த்துக் கட்டி விற்பவரின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னொருவர் உண்டு: டிஎம்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தல மேலாண்மை நிறுவனம். வெளிநாட்டு ஆபரேட்டர் விற்ற பேக்கேஜை இறங்கும் ஊரில் நடத்திக் கொடுப்பவர் இவர். பயணிக்கு இவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆனால் நள்ளிரவில் பேருந்து பழுதானால் இவருடைய போன்தான் அடிக்கும். இணையத்தில் பதிவு செய்யும் தளங்களை ஓடிஏ என்பார்கள். ஏஜென்ட் பார்த்த வேலையே, மேசை மட்டும் இல்லை.

இவர்கள் அனைவருக்கும் பின்னால் ஜிடிஎஸ் எனப்படும் பதிவு வலையமைப்புகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் விமான இருக்கைகளை அட்டைகளில் எழுதிக் கையால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1953இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானமொன்றில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும், ஐபிஎம் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த பிளேர் ஸ்மித்தும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பெயர்ப் பொருத்தத்தில் தொடங்கிய பேச்சு, 1960களில் சேபர் என்ற கணினிப் பதிவு முறையாக வளர்ந்தது. இன்று சேபர், அமடியஸ், டிராவல்போர்ட் மூன்றும் பெரியவை. பயண நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்றால் இவற்றில் ஒன்றின் பெயரையாவது தெரிந்துகொண்டு போங்கள். எனக்குத் தெரிய, பிரிவுகளை வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டு ஜிடிஎஸ் என்றால் விழிப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், இந்தத் துறையின் சரக்கு எல்லாமே அழுகும் சரக்கு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. விமானம் கிளம்பிய பிறகு காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது. ஒரே அறைக்கு ஒரே நாளில் நான்கு விலை ஏன் என்பது இங்கிருந்துதான் வருகிறது. 100 அறை ஹோட்டல் ஒன்றில் 120 டாலர் வீதம் 60 அறை விற்றால் 7,200 டாலர். 85ஆகக் குறைத்ததில் 90 அறை போனால் 7,650. இருக்கும் மொத்த அறைகளால் வகுத்தால் முதலாவதில் அறைக்கு 72, இரண்டாவதில் 76.50. இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். பார்த்தவுடன் இரண்டாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் கூடுதலாக 30 அறைகளுக்கு விரிப்பு மாற்ற வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர், மின்சாரம். அறைக்கு 15 டாலருக்கு மேல் செலவானால் கூடுதலாக வந்த 450 போய்விடும், அதற்கு மேல் கைக்காசுதான். ஹோட்டல் ஆட்களிடம் பேசும்போது ஆக்குபன்சி, அதாவது அறை நிரம்பிய விகிதம், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பெருமையடிக்காதீர்கள்.

கூட்டம் சேர்ந்தால் நல்லது என்ற எண்ணத்துக்கும் எல்லை உண்டு. புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் எழுதிய சுழற்சிக் கோட்பாட்டை எங்கும் கேட்பார்கள்: ஓர் இடம் கண்டுபிடிக்கப்படும், வளரும், நிரம்பும், தேங்கும், பிறகு சரியும் அல்லது புதுப்பிக்கப்படும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018இல் மூடிவிட்டுப் பவளப்பாறைகள் தேற மூன்றரை ஆண்டு கழித்துத்தான் திறந்தார்கள். வெனிஸ் நகரம் 2024 முதல் நெரிசலான சில தேதிகளில் ஒரு நாள் வருகையாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. சுற்றுலாப் பயணிக்கும் ஒரு நாள் வருகையாளருக்கும் இடையே நான் முன்னே சொன்ன வித்தியாசம் ஏட்டோடு நிற்பதில்லை, பாருங்கள்.

எந்தப் பிரிவு என்று கேட்டீர்கள். பி.காம். படித்தவருக்கு என் பரிந்துரை, டூர் ஆபரேட்டரிடம் விலை நிர்ணயம், ஒப்பந்தம் பார்க்கும் மேசை, அல்லது ஹோட்டலில் வருவாய் மேலாண்மை. 27ஆவது ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை அது. ஆட்களோடு பேசுவது பிடிக்கும், இரவுப் பணி பரவாயில்லை என்றால் ஹோட்டல் ஃபிரன்ட் ஆபீஸ், அதாவது வரவேற்பு மேசை. பிரச்சினை வந்தால் பதறாதவர் என்றால் டிஎம்சி. ஊர் சுற்றலாம் என்பதற்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மற்றவர்கள் விடுமுறையில் இருக்கும்போதுதான் இங்கே வேலை அதிகம்.

தேர்வுக்குப் போகுமுன் அந்த நிறுவனம் விற்கும் ஒரு பேக்கேஜை எடுத்து, அதில் எது சேர்ந்தது, எது சேராதது என்ற பட்டியலைப் படியுங்கள். சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் யாருக்குப் பணம் போகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். சேராதவற்றையும் விடாதீர்கள், வாடிக்கையாளரின் புகார்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் கிளம்பும்.