ராபர்ட் புரூஸ் துரோகியா? வாலஸைக் காட்டிக்கொடுத்தது அவர்தானா?

சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து விடாமுயற்சி கற்ற அரசன் என்று பள்ளியில் கேட்ட புரூஸும், 'பிரேவ்ஹார்ட்' படத்தில் வாலஸுக்குத் துரோகம் செய்யும் புரூஸும் ஒரே ஆளா, இதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் ஒருவர்தான், 14ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசர். வாலஸ், அதே காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்த ஸ்காட்லாந்துக் கிளர்ச்சித் தலைவர். ஆனால் இரண்டு கதையும் நடந்ததில்லை.

சிலந்தியை வேகமாக முடித்துவிடலாம். புரூஸ் இறந்து அரை நூற்றாண்டுக்குள் ஜான் பார்பர் அவரைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையில்கூட சிலந்தி இல்லை. வால்டர் ஸ்காட் 1828இல் எழுதிய கதைகள் வழியாகத்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு அதே கதை புரூஸின் தளபதி ஜேம்ஸ் டக்ளஸைப் பற்றியதாகச் சொல்லப்பட்டது.

ஃபால்கிர்க் போர்தான் முக்கியம். 1298 ஜூலை 22 அன்று நடந்த அந்தப் போரில் புரூஸ் ஆங்கிலேய அரசர் முதலாம் எட்வர்டின் பக்கம் நின்று வாலஸை வீழ்த்தினார் என்பது படம் கண்டுபிடித்தது அல்ல. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஜான் ஃபோர்டனே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆனால் எட்வர்டோடு வந்த பிரபுக்களின் பெயர்ப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் புரூஸின் பெயர் இல்லை. மேலும், அந்தப் போருக்குப் பிறகு எட்வர்ட் மேற்கே வந்தபோது, அவர் கையில் சிக்கக் கூடாது என்று ஏர் கோட்டையைக் கொளுத்திவிட்டுப் போனவரே புரூஸ்தான். வாலஸை 1305இல் பிடித்துக் கொடுத்தவர் ஜான் மென்டீத் என்ற வேறொரு ஸ்காட்லாந்துப் பிரபு.

சரி, அப்படியானால் அவர் பக்கம் மாறவே இல்லையா? மாறினார், பல முறை. 1296இல் எட்வர்ட் படையெடுத்தபோது புரூஸ் குடும்பம் எட்வர்டோடு இருந்தது. அவருடைய அப்பா எட்வர்டுக்காகக் கார்லைல் கோட்டையைக் காத்தார். 1297இல் மகன் கிளர்ச்சியில் சேர்ந்தார். அப்பாவின் வீரர்களை அழைத்து, என் மக்களோடு, நான் பிறந்த நாட்டோடு சேரப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று கேட்டதாக ஓர் ஆங்கிலேயத் துறவி எழுதியிருக்கிறார். அவர்கள் வரவில்லை. 1302இல் மறுபடி எட்வர்டிடம் பணிந்தார். 1306இல் தானே முடிசூடினார்.

இதைப் பச்சோந்தித்தனம் என்று சொல்வதற்கு முன், அந்தக் கிளர்ச்சி யார் பெயரில் நடந்தது என்று பார்க்க வேண்டும். வாலஸ் போரிட்டது ஜான் பேலியல் என்ற அரசருக்காக. 1290இல் வாரிசு இல்லாமல் போன ஸ்காட்லாந்து அரியணைக்குப் பேலியலும் புரூஸின் தாத்தாவும் போட்டியிட்டார்கள்; எட்வர்ட் நடுவராக இருந்து 1292இல் பேலியலுக்குத் தீர்ப்பளித்தார். புரூஸ் குடும்பம் அந்தத் தீர்ப்பை மனத்தால் ஏற்கவே இல்லை. 1296 படையெடுப்பில் எட்வர்டே பேலியலை அரியணையிலிருந்து இறக்கினார். ஆக, நாட்டுக்காகப் போராடி வென்றால், தங்கள் உரிமையைப் பறித்ததாக அவர்கள் நினைத்த பேலியல் திரும்பி வந்து அரியணையில் உட்காருவார். எட்வர்டோடு சேர்ந்தால் நாடு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தன் இருபதுகள் முழுவதையும் கழித்தார் அந்த மனிதர்.

1302இல் பணிந்ததை இப்படிப் பார்த்தால்தான் புரியும். அப்போது பேலியல் போப்பின் காவலிலிருந்து விடுபட்டுப் பிரான்ஸ் அரசரின் பொறுப்புக்கு வந்திருந்தார். எந்நேரமும் திரும்பலாம் என்ற பேச்சு இருந்தது. புரூஸ் பணிந்த உடன்படிக்கையே அதைச் சொல்கிறது: ஸ்காட்லாந்து எட்வர்டின் கையைவிட்டுப் பேலியலிடமோ அவர் மகனிடமோ போய்விடும், தன் உரிமை பாதிக்கப்படும் என்ற அச்சம். எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிக வெளிப்படையான ஆவணம் அதுதான். அவர் விசுவாசம் மாறவில்லை என்றே சொல்வேன். அது தொடக்கத்திலிருந்தே குடும்பத்தின் அரச உரிமை மீதுதான் இருந்தது. தேசபக்தர் என்று சிலை வைப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் சான்றுகள் அப்படித்தான் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் எல்லோரும் இதையே செய்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கிளர்ச்சியை நடத்திய ஜான் காமினும் 1304 பிப்ரவரியில் பணிந்தார். அதே ஆண்டு ஸ்டிர்லிங் கோட்டையை எட்வர்ட் முற்றுகையிட்டபோது, எட்வர்டின் முகாமில் இருந்துகொண்டே புரூஸ் ஸ்காட்லாந்துப் பிஷப் லாம்பர்ட்டனோடு ரகசிய ஒப்பந்தம் செய்தார். பக்கம் மாறியதைவிட இந்த இரட்டை வேடம்தான் எனக்கு நெருடுகிறது.

அப்புறம் 1306 பிப்ரவரி 10. டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில், பலிபீடத்தின் அருகே காமினைக் கத்தியால் குத்தினார். திட்டமிட்டதா, பேச்சு முற்றிக் கைகலப்பானதா என்ற சர்ச்சை இன்றும் தீரவில்லை. எப்படி இருந்தாலும் அதற்கு நியாயம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆறு வாரங்களில் ஸ்கோன் நகரில் முடிசூட்டு விழா நடந்தது.

ஆனால் அதன் பிறகு அவர் மாறவே இல்லை. ஓராண்டுக்குள் மூன்று தம்பிகளை எட்வர்ட் கொன்றார். மனைவியும் மகளும் 1314 வரை சிறையில் இருந்தார்கள். தங்கை மேரியைக் கூண்டில் அடைத்தார்கள். பணிந்திருக்கச் சாதாரண மனிதனுக்கு இதில் ஒன்றே போதும். அவர் பணியவில்லை, 1314இல் பேனக்பர்ன் போரில் ஆங்கிலேயரை வென்று, 1328இல் இங்கிலாந்தே ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை ஏற்கும்படி செய்தார்.

அவரோடு இருந்தவர்கள் அவரை முழுதாக நம்பினார்களா என்றால், அதுவும் இல்லை. 1320இல் பிரபுக்கள் போப்புக்கு அனுப்பிய ஆர்ப்ரோத் கடிதத்தில், இந்த அரசரே எங்களை ஆங்கிலேயருக்கு அடிமையாக்க முயன்றால் இவரையும் துரத்திவிட்டு வேறு அரசரை வைப்போம் என்று எழுதினார்கள். அதே ஆண்டு அவரைக் கவிழ்க்க ஒரு சதி அம்பலமானது. அதன் முன்னணியில் இருந்த வில்லியம் சூலிஸ், அந்தக் கடிதத்தை அனுப்பிய பிரபுக்களில் ஒருவர்.