போனைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

கொருக்குப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே, இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பி.காம். படிக்கிறாள். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால் புத்தகத்தைத் தொடாமல் போனை எடுத்துக்கொள்கிறாள். கேட்டால், "குரூப்பில்தான் படிக்கிறேன்" என்கிறாள். ஜூன் தேர்வு முடியும்வரை போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம், அம்மா.

நானும் அஞ்சல்வழியில் படித்தவன்தான். புத்தகக் கட்டு தபாலில் வரும், அதோடு சரி. மூன்று ஆண்டுகளில் என்னோடு அதே படிப்பைப் படித்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஒரு கணக்கு புரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தோற்றேன். தோற்றதைவிட, அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் தவித்ததுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. உங்கள் மகளுக்கு அந்தத் தனிமை வேண்டாம்.

அவள் நிலைமையைப் பாருங்கள். நேர்முக வகுப்புகள் பெரும்பாலும் விடுமுறை நாளில் நடக்கும். துணிக்கடைக்கு ஞாயிறுதானே பெரிய வியாபாரம்? அன்று விடுப்புக் கேட்க முடியாது. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவளுக்குப் பாடநூல் ஆங்கிலத்தில் வருகிறது. வகுப்புக்குப் போன தோழி குறிப்பைப் படமெடுத்து அனுப்புவதும், யாரோ ஒரு ஆசிரியர் யூடியூபில் தமிழில் கணக்குப் போட்டுக் காட்டுவதும் அவளுக்கு எட்டுகிற வகுப்பறைகள். போனை எடுத்துவிட்டால் அந்த வகுப்பறையையும் பூட்டிவிடுகிறோம்.

அதற்காக, போனில் அவள் பார்ப்பதெல்லாம் படிப்பு என்றும் சொல்ல மாட்டேன். பல நூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும், "ஹால் டிக்கெட் வந்துவிட்டதா?" என்ற கேள்வியும், பாதி வதந்தியும்தான் ஓடும். அதை ஒலியில்லாமல் வைத்துவிட்டு, அதிலிருந்து நம்பிக்கையான நாலைந்து பெண்களை மட்டும் பிரித்துச் சின்னக் குழு ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். இரவு அரை மணி நேரம் போதும். ஒருத்தி கணக்கைக் கையால் போட்டுப் படம் அனுப்ப, இன்னொருத்தி திருத்த வேண்டும். புரியாத இடத்தைக் குரல் பதிவில் கேட்கலாம். நாள் முழுக்க நின்று களைத்த பெண்ணுக்குத் தட்டச்சு செய்வதைவிட அது எளிது. யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டால் பாடத்தோடு நிற்க முடியும்.

படித்தாளா என்று நீங்கள் எப்படி அறிவது? பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தடையே இல்லை. உங்களிடம் தையல் மெஷின் இருக்கிறது அல்லவா? அதன் விலை பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு, தேய்மானத்தை, அதாவது பொருள் பழசாக ஆக அதன் மதிப்பு குறைவதை, விளக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால், நேர்கோட்டு முறையில் ஒவ்வோர் ஆண்டும் 1,000 ரூபாய் கழியும். குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் ஆண்டு 1,000, அடுத்து 900, அதற்கடுத்து 810. ஏன் குறைகிறது என்று உங்களுக்குப் புரியும்படி அவள் சொல்லிவிட்டால், அன்றைக்குப் போன் படிப்புக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. தடுமாறினால் திட்டாதீர்கள். அந்தக் கேள்வியையே குழுவில் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இக்னோவில் பொதுவாக, வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 30 சதவீத மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். எழுதி முடித்த ஒப்படைப்புகளை டெலிகிராமில் காசுக்கு விற்கிறார்கள். அதை வாங்கி அப்படியே எழுதினால், திருத்துபவர் கையில் ஒரே விடை பத்துப் பேரிடமிருந்து வந்து சேரும். அதைவிடப் பெரிய நஷ்டம், 70 சதவீதத் தேர்வுக்கு அவள் வெறுங்கையோடு போவது. பாடநூல்கள் இக்னோவின் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கட்டணம், கடைசித் தேதி, ஹால் டிக்கெட் ஆகிய மூன்றுக்கும் குழுவின் பேச்சை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் பார்த்த பிறகே எதையும் செய்யட்டும். "தாமதக் கட்டணத்தை இந்த எண்ணுக்கு ஜிபே செய்யுங்கள்" என்று யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

முன்பின் தெரியாத ஆண்கள் அவளுக்குச் செய்தி அனுப்புவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பெரிய குழுவில் இருந்தால் எண் எல்லோருக்கும் தெரியும். முகப்புப் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றலாம். தெரியாதவர்கள் அவளைக் குழுக்களில் சேர்க்க முடியாமலும் செய்யலாம். ஆதார், ஹால் டிக்கெட் படங்களை எந்தக் குழுவிலும் போடக் கூடாது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு. தொல்லை வந்தால் அவள் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள் என்று பயந்த பெண்கள் மாதக்கணக்கில் மறைத்துவைத்துக் கடைசியில் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். "எது வந்தாலும் என்னிடம் சொல், போன் உன்னிடமே இருக்கும்" என்று இன்றிரவே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், மகன் இன்ஸ்டாகிராமில் பார்த்த "ஒரே வருடத்தில் டிகிரி" விளம்பரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாண்டுப் பட்டம் ஓராண்டில் கிடைக்காது. அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களையும் படிப்புகளையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு தன் தளத்தில் வெளியிடுகிறது. 2024 முதல் இப்படிப்புகளில் சேர, அந்தப் பிரிவின் தளத்தில் டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண்ணும் எடுக்க வேண்டும். ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் அந்த விளம்பரத்தோடு தம்பியை என்னிடம் அனுப்புங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்தே பார்த்துவிடுகிறோம்.