விளக்கு ஏன் பாதியில் அணைகிறது? ஸ்மார்ட் ஹோம் ரொட்டீன்கள்: கேள்வி-பதில்

கேள்வி: படிப்பறையில் அசைவு சென்சார் பொருத்தி, ஆள் வந்தால் விளக்கு எரியவும் ஐந்து நிமிடத்தில் அணையவும் ரொட்டீன் (தானாக இயங்கும் கட்டளைத் தொடர்) அமைத்தேன். நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. சென்சாரில் கோளாறா?

பதில்: சென்சாரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. வீடுகளில் பெரும்பாலும் பொருத்தப்படும் பி.ஐ.ஆர். வகை சென்சார் ஆள் இருப்பதை அறிவதில்லை. உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதன் பார்வைக்குள் இடம் மாறும்போது ஏற்படும் வேறுபாட்டை மட்டுமே உணர்கிறது. பக்கத்தைப் புரட்டும் விரல் அதற்குப் போதாது. (நானும் சில வாரங்கள் கையை ஆட்டி ஆட்டித்தான் படித்தேன்.) சென்சாரை நோக்கி நேராக நடப்பதைவிட அதன் குறுக்கே நடப்பதை அது எளிதில் கண்டுகொள்ளும் என்பதால், பொருத்தும் இடத்தையும் சற்று மாற்றிப் பாருங்கள். காத்திருப்பு நேரத்தை இருபது நிமிடமாக்கினால் தொல்லை பெருமளவு குறையும். ரேடியோ அலைகளைக் கொண்டு அசைவை அறியும் எம்.எம்.வேவ் ரேடார் சென்சார், மூச்சு விடுகையில் மார்பு அசைவதையும் உணரக்கூடியது. ஆனால் சுழலும் மின்விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும்கூட ஆள் என்று எண்ணிவிடும்.

ரொட்டீனை எழுதியிருக்கும் விதத்தையும் பாருங்கள். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் ‘அசைவு, விளக்கை ஏற்று, ஐந்து நிமிடம் பொறு, அணை’ என்று எழுதினால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் வரும் புதிய அசைவுகள் பொருட்படுத்தப்படுவதில்லை. ஏனெனில் அங்கு இயல்பாக இருப்பது ‘சிங்கிள்’ முறை. அதை ‘ரீஸ்டார்ட்’ என்று மாற்றினால் ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எப்போது தொடங்க வேண்டும் என்பதில் காட்டும் அக்கறையை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் பலர் காட்டுவதில்லை.

கேள்வி: மாலை 6.30-க்கு வாசல் விளக்கு எரியும்படி வைத்தேன். சில மாதங்களில் அதற்கு முன்பே இருட்டிவிடுகிறதே?

பதில்: கடிகார நேரத்தை விட்டுவிட்டு, சூரிய அஸ்தமனத்தைத் தொடக்கமாக வையுங்கள். அஸ்தமனத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, பின்பு என்று தள்ளி வைக்கவும் பெரும்பாலான செயலிகளில் வசதி உண்டு. வீட்டின் இருப்பிடம் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: இணையம் துண்டிக்கப்பட்டால் ரொட்டீன்கள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. மேட்டர் சாதனங்கள் வாங்கினால் தீருமா?

பதில்: பாதி தீரும். 2022 அக்டோபரில் வெளியான, பல நிறுவனங்களின் சாதனங்களுக்கும் பொதுவான மேட்டர் தரநிலையின்படி, சாதனங்கள் வைஃபை, ஈதர்நெட், த்ரெட் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லா வலையமைப்பு) வழியாக வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஆனால் ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற கட்டளை எங்கே இயங்குகிறது என்பதே முக்கியம். அது நிறுவனத்தின் சர்வரில் இருந்தால், பல்பு மேட்டர் பல்பாக இருந்தும் பயனில்லை. ரொட்டீனை வீட்டிலுள்ள ஹப்பிலேயே (சாதனங்களை ஒருங்கிணைக்கும் கருவி) இயக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சோதிப்பது எளிது: ரூட்டரை அணைக்காமல், அதற்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, ரொட்டீன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் எல்லா ஸ்மார்ட் பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிகின்றன.

பதில்: சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்பதற்காகவே பல்புகள் அப்படி அமைக்கப்படுகின்றன. மின்சாரம் மீண்டதும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பைச் செயலியில் தேடி, ‘முந்தைய நிலை’ என்று மாற்றுங்கள். எல்லா பல்புகளிலும் இது இருப்பதில்லை. வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் வெளியே சென்றதும் அனைத்தும் அணையும்படி கைப்பேசியின் இருப்பிடத்தை வைத்து அமைத்தேன். வீட்டிலிருக்கும் என் அம்மா இருட்டில் தவிக்கிறார்.

பதில்: உங்கள் ரொட்டீனைப் பொறுத்தவரை, கைப்பேசி வெளியேறினால் வீடே காலி. ‘கடைசி ஆளும் வெளியேறினால்’ என்ற நிபந்தனையைச் சேருங்கள். அதற்கு ஒவ்வொருவரின் கைப்பேசியும் வீட்டில் பதிவாகி, இருப்பிட அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்க வேண்டும். உங்கள் அம்மா கைப்பேசி வைத்துக்கொள்ளாதவர் என்றால் இருப்பிட ரொட்டீனே வேண்டாம். வாசலருகே ஒரு ஸ்மார்ட் பொத்தானை ஒட்டிவிட்டு, கடைசியாக வெளியே செல்பவர் அதை அழுத்தும்படி செய்யுங்கள்.