கல்முனை அம்பு வேட்டைக்கு உண்மையிலேயே உதவுமா? அதை எப்படிச் செய்வார்கள்?

உதவும். சிக்கிமுக்கிக் கல்லும் எரிமலைக் கண்ணாடியும் சிப்பியின் வளைவோடு உடைவதால், அவற்றின் விளிம்பு சவரக் கத்திக்கு ஈடான கூர்மை பெறுகிறது. உள்ளங்கையில் தடித்த தோலை விரித்து, அதன்மேல் மெல்லிய கல்துண்டை வைத்து, மான்கொம்பின் நுனியால் விளிம்பை அழுத்தினால், சிறு ஓசையுடன் அடிப்பக்கத்தில் ஒரு செதில் உதிரும்; அழுத்துவதற்கு முன் விளிம்பைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து உறுதிப்படுத்தாவிட்டால், அது செதிலாகப் பெயராமல் நொறுங்கிவிடும். (இந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், திறந்தவெளியில், முகக்கவசத்துடன் செய்வதே நல்லது.)

என் கணிப்பில் முனையைவிடக் கடினமானது தண்டுதான். உலர்ந்த குச்சியை அனலில் காட்டி நிமிர்த்த வேண்டும்; வில்லின் வலிமைக்கேற்ற விறைப்பு அதற்கு இல்லையெனில் அம்பு பக்கவாட்டில் விலகும். ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓட்சி என்னும் பனிமனிதரின் அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டு மட்டுமே முடிக்கப்பட்டிருந்தன. அவற்றின் கல்முனைகள் பூர்ச்சமரத் தாராலும் நூலாலும் பொருத்தப்பட்டிருந்தன.

கல்முனை வெட்டி இரத்தம் வடியச் செய்தே விலங்கைக் கொல்கிறது. தடித்த எலும்பில் பட்டால் உடைந்துபோகக்கூடும். ஆகவே மிக அருகில் சென்று, விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டை நோக்கி மட்டுமே எய்ய வேண்டும்.