அரசு நினைத்தால் பிட்காயினை முடக்க முடியுமா?

கேள்வி: என் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கிரிப்டோவில் இருக்கிறது. பாதி பிட்காயின், பாதி யூஎஸ்டிடி (ஒரு டாலர் விலையிலேயே நிற்கும்படி வெளியிடப்படும் காயின்). இரண்டும் ஒரே எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) கணக்கில். "இதில் எந்த அரசும் கைவைக்க முடியாது" என்கிறார் நண்பர். "ஒரே ராத்திரியில் தடை போட்டால் எல்லாம் போச்சு" என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நண்பர் சொல்வது பிட்காயின் நெட்வொர்க்குக்குப் பொருந்தும், உங்கள் கணக்குக்குப் பொருந்தாது. அண்ணன் சொல்வது கணக்குக்கு ஓரளவு பொருந்தும், நெட்வொர்க்குக்குப் பொருந்தாது.

நெட்வொர்க்கை ஒரு பெரிய அரசே மோதிப் பார்த்திருக்கிறது. 2021 மே, ஜூன் மாதங்களில் சீனா பிட்காயின் மைனிங்கை, அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துப் பதிவுசெய்து புதுக் காயின் பெறும் கணினி வேலையை, மூடச் சொன்னது. உலக மைனிங் திறனில் பெரும்பங்கு அப்போது அங்கேதான் இருந்தது. மொத்தத் திறன் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது, பிளாக்குகள் (பரிவர்த்தனைத் தொகுப்புகள்) தாமதமாக வந்தன. ஆனால் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை மைனிங்கின் கடினத்தன்மையைத் தானே திருத்திக்கொள்ளும்படிதான் பிட்காயின் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஜூலை 3-ம் தேதி அது சுமார் 28 சதவீதம் குறைந்தது. இருந்த இயந்திரங்களை வைத்தே ஓட்டம் சீரானது. சீனாவிலிருந்து கிளம்பிய இயந்திரங்கள் அமெரிக்காவுக்கும் கஜகஸ்தானுக்கும் போய்ச் சேர, ஆண்டு முடிவதற்குள் பழைய திறன் திரும்பிவிட்டது.

சீனாவில் பணம் போட்டிருந்தவர்களின் கதை வேறு. 2017 செப்டம்பரில் உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுகளை மூட உத்தரவு வந்தபோது சில வாரங்கள்தான் அவகாசம் கிடைத்தது. 2021 செப்டம்பரில் கிரிப்டோ வர்த்தகம் மொத்தமும் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. அரசின் கை நெட்வொர்க்குக்குள் போகவில்லை. பணம் உள்ளே வருகிற, வெளியே போகிற வாசல்களில் நின்றுகொண்டது. வங்கி, எக்ஸ்சேஞ்ச், ஸ்டேபிள்காயின் (யூஎஸ்டிடி போல விலை நிலையாக நிற்க வேண்டிய காயின்) வெளியிடும் நிறுவனம், வரி: இந்த நான்கும்தான் வாசல்கள். உங்கள் ரிஸ்க் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பதில் பாதி யூஎஸ்டிடி. அதற்கு நண்பரின் வாதம் துளியும் செல்லாது. அது ஒரு நிறுவனம் வெளியிடுவது; எந்த முகவரியில் (கிரிப்டோவின் கணக்கு எண் போன்றது) இருக்கும் யூஎஸ்டிடியையும் முடக்கும் வசதி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த யூஎஸ்டிசியில் இது நடந்தும் காட்டியது. 2022 ஆகஸ்டில், பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் சேவையான டொர்னேடோ கேஷின் முகவரிகள் மீது அமெரிக்கா தடை விதித்தது. அவற்றில் இருந்த யூஎஸ்டிசியை வெளியீட்டு நிறுவனமான சர்க்கிள் உடனே முடக்கியது. 2023 மார்ச்சில் இன்னொரு பாடம். சர்க்கிளின் கையிருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொள்ள, ஒரு டாலராக இருக்க வேண்டிய காயின் 88 சென்டுக்கும் கீழே போனது. அந்த வங்கியின் டெபாசிட் அனைத்தும் முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்று அமெரிக்க அரசு சொன்ன பிறகுதான் விலை மீண்டது. அரசிடமிருந்து விடுதலை என்று விற்கப்படும் துறையை அன்று காப்பாற்றியது அரசுதான்.

இது ஒருவழிப் பாதை அல்ல. ஸ்டேபிள்காயின் நிறுவனங்கள் கையிருப்பின் பெரும்பகுதியை அமெரிக்கக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் வைத்திருப்பதால், அந்த அரசுக்குக் கடன் கொடுப்பவர்களாக அவை மாறிவிட்டன. 2025 ஜூலையில் அமெரிக்கா இவற்றுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. நைஜீரியாவில் 2021 பிப்ரவரியில் கிரிப்டோ கணக்குகளை மூடச் சொல்லி மத்திய வங்கி உத்தரவிட்டது. வர்த்தகம் ஆளுக்கு ஆள் நேரடியாகக் கைமாறும் பிடுபி முறைக்கு நகர்ந்தது. அரசு தானே கொண்டுவந்த டிஜிட்டல் நாணயமான இ-நைரா மக்களிடம் எடுபடவில்லை. 2023 டிசம்பரில் தடை தளர்ந்தது. எல் சால்வடோரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2021-ல் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கிய அந்நாடு, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்காக 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம் என்று ஆக்கிவிட்டது.

தடையைவிட வரி சத்தமில்லாமல் வேலை செய்யும். இந்தியாவில் 2022 ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனைத் தொகையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கிறார்கள். லாபம் நஷ்டம் இல்லாமலேயே 1,00,000-ஐ 50 முறை வாங்கி விற்றால், கையில் சுமார் 60,500 தான் மிஞ்சும். பிடித்ததை வரிக் கணக்குத் தாக்கலில் சரிக்கட்டலாம், ஆனால் அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும். அதனால் வர்த்தகம் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஓடியது. 2023 டிசம்பர் இறுதியில் அப்படிப்பட்ட ஒன்பது எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே அவற்றின் ஆப்கள் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போயின. இங்கே மாட்டிக்கொண்டவர் வரி ஏய்த்தவர் மட்டுமல்ல, சோம்பலில் காயினை அங்கேயே விட்டிருந்தவரும்தான்.

இப்போது உங்கள் விஷயம். ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்பது என் கருத்து. யூஎஸ்டிடி பகுதி அவசரத் தேவைக்கு என்று வைத்ததானால் அதை வங்கிக்கு மாற்றுங்கள். டாலர் விலையில் நிற்பதால் மட்டும் அது டெபாசிட் ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூன் 30 முதல் ஸ்டேபிள்காயின் விதிகள் அமலுக்கு வந்தன. அனுமதி பெறாத யூஎஸ்டிடியைப் பல எக்ஸ்சேஞ்சுகள் அங்குள்ள வாடிக்கையாளர்களுக்குப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டன. பணமாக்கும்போது பிடுபியில் விற்க வேண்டாம். எதிர் ஆள் அனுப்பும் தொகை மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு.

நீண்ட காலத்துக்கு வைத்திருக்கும் பிட்காயினைச் சொந்த வாலெட்டுக்கு (சாவி உங்கள் கையிலேயே இருக்கும் பணப்பை) மாற்றுங்கள். அந்தச் சாவியைப் பாதுகாக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலெட்டைத் தயாரிப்பாளரிடமே வாங்கி, கருவி தொலைந்தாலும் காயினைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களை அந்தக் கருவியிலேயே உருவாக்குங்கள். பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்கள் வரும். காகிதத்தில் எழுதுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். சிறு தொகை அனுப்பி, கருவியை முழுதாக அழித்து, எழுதி வைத்த சொற்களால் மீட்டுப் பாருங்கள். அது வேலை செய்த பிறகுதான் மீதி. முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் பொருந்தினால் போதாது. அதே போலத் தோன்றும் முகவரியை ஒட்டிவைக்கும் மோசடி இருக்கிறது, நடுவிலும் பாருங்கள். புது முகவரியைச் சேர்த்தால் சில எக்ஸ்சேஞ்சுகள் ஒரு நாளோ அதற்கு மேலோ பணம் எடுக்க விடாது. வாலெட் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கவும் கேட்கலாம். அந்த வேலைகளை அமைதியான நாளிலேயே முடித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பரிவர்த்தனைப் பட்டியலை எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள். தேதி, அளவு, அன்றைய விலை உள்ளூர் நாணயத்தில், கட்டணம், பரிவர்த்தனை எண் ஆகிய ஐந்தும் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் வாங்கிய விலையை நிரூபிக்க வேறு வழி இருக்காது. விற்ற தொகை முழுவதையும் லாபமாகக் கணக்கிட்டு வரி கேட்கும் நிலை வரலாம். பிட்காயினை யூஎஸ்டிடியாக மாற்றுவதும் பெரும்பாலான நாடுகளில் விற்பனைதான். பலர் கோட்டைவிடும் இடம் இது. விற்ற அன்றே வரித் தொகையைச் சாதாரணப் பணமாக ஒதுக்குங்கள். காயினிலேயே விட்டு வைத்து விலை விழுந்தால், வரி பழைய விலைக்கே நிற்கும். எக்ஸ்சேஞ்சில் இருப்பது வெளியே தெரியாது என்ற நினைப்பும் வேண்டாம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வகுத்த முறைப்படி பல நாடுகள் 2027 முதல் வாடிக்கையாளர் விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளப் போகின்றன.

தடை என்று செய்தி வந்தால் தலைப்பைப் பார்த்து விற்காதீர்கள். உத்தரவை எடுத்து மூன்றைத் தேடுங்கள்: தடை எதற்கு (வைத்திருப்பதற்கா, வர்த்தகத்துக்கா, வங்கித் தொடர்புக்கா), எந்தத் தேதியிலிருந்து, அதுவரை காயினை வெளியே எடுக்கலாமா. வர்த்தகத்துக்கோ வங்கித் தொடர்புக்கோ மட்டும் தடை என்றால் வாலெட்டில் இருப்பது அங்கேயே இருக்கலாம். வைத்திருப்பதே குற்றம் என்றால் அவகாசத்துக்குள் விற்றுவிடுங்கள். வாலெட் உங்களை மறைக்காது. நீங்கள் எந்த முகவரிக்கு எடுத்தீர்கள் என்பது எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் உங்கள் பெயரோடு இருக்கிறது.