ஆர்வி-7 விமானத்தில் ஏறும்போது ஆயில் சூடு 230 டிகிரியைத் தாண்டுகிறது. பெரிய கூலர் போட்டால் சரியாகுமா?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவு: டெக்சாஸில் சொந்தமாகக் கட்டிய ஆர்வி-7, 180 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-360 இன்ஜின், இடது பின்பக்க பேஃபிளில் (காற்றைச் சிலிண்டர்கள் வழியாகத் திருப்பும் தகடு) ஆயில் கூலர். வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், 6 நிமிடம் ஏறினால் ஆயில் 232 பாரன்ஹீட் காட்டுகிறது. சமமாகப் பறக்கும்போதும் 215-க்குக் கீழே இறங்குவதில்லை. சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் தலைப்பகுதி) சூடு 380-390 பாரன்ஹீட்டுக்குள்.

இப்போதைக்கு கூலர் வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) முந்தியிருந்தாலோ மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) மெலிந்திருந்தாலோ ஆயிலுக்கு முன்னால் ஹெட்தான் கத்தும். ஹெட் 390-க்குள் நிற்கிறது என்றால் இன்ஜின் அதிகமாகச் சூட்டை உண்டாக்கவில்லை. மிச்சம் மூன்று வழிதான்: மீட்டர் பொய் சொல்கிறது, ஆயில் கூலருக்குள் போகவில்லை, அல்லது காற்று கூலருக்குள் போகவில்லை. செலவு குறைந்ததிலிருந்து இதே வரிசையில் பாருங்கள்.

பயப்பட வேண்டிய அளவா? இந்த இன்ஜினுக்கு லைகாமிங் வைத்திருக்கும் உச்சவரம்பு 245 பாரன்ஹீட், அதாவது 118 செல்சியஸ். 232 அதற்குள்தான். ஆனால் வெளிச்சூடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவே ஆயில் சூடும் கூடும். 43 டிகிரி செல்சியஸ் நாளில் இதே ஏற்றம் ஏறினால் கூடுதல் 8 செல்சியஸ், அதாவது 14 பாரன்ஹீட். 246-இல் நிற்பீர்கள். அதற்காக 160-க்கு இறக்கவும் ஆசைப்படாதீர்கள். ஆயில் 180-ஐத் தொடாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு துருப்பிடிக்கும்.

முதலில் மீட்டர். சென்சாரைக் கழற்றி, ஒயர் மாட்டியபடியே கொதிக்கும் தண்ணீரில் முனையை அமிழ்த்துங்கள். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதன் உடலிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே தப்பு. டல்லாஸ் பக்கம் 212 காட்ட வேண்டும். டென்வர் உயரத்தில் தண்ணீர் 95 செல்சியஸிலேயே கொதித்துவிடும், அங்கே இருப்பவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளவும். லேண்டிங் லைட்டைப் போட்டதும் முள் நகர்ந்தால் கோளாறு ஆயிலில் இல்லை, எர்த்தில். இன்னொன்று: லைகாமிங்கில் இந்த சென்சார் அளப்பது கூலரிலிருந்து திரும்பி இன்ஜினுக்குள் நுழையப்போகும் ஆயிலை. சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கிடப்பது அதைவிடச் சூடாகவே இருக்கும்.

மீட்டர் சரி என்றால், எதையும் பிரிக்கும் முன் சூட்டுக்கு நிறம் மாறும் ஸ்டிக்கர்களில் இரண்டு வாங்கி, கூலருக்கு ஆயில் வரும் முனையில் ஒன்றும் வெளியேறும் முனையில் ஒன்றும் ஒட்டி ஒரு முறை ஏறி இறங்குங்கள். இரண்டும் கொதித்து, வித்தியாசம் கொஞ்சமாகவே இருந்தால் ஆயில் ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. வரும் முனை சூடாகவும் வெளியேறும் முனை நன்றாகக் குளிர்ந்தும் இருந்தால் காற்று வேலை செய்கிறது, உள்ளே போகும் ஆயில்தான் சொற்பம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கூலரை மாற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

ஆயில் சொற்பம் என்றால் சந்தேகம் வெர்னாதெர்ம் மேல். இன்ஜின் பின்புறம் ஆயில் ஃபில்டர் அடாப்டரில் திருகியிருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அது. குளிரில் சுருங்கி இருக்கும், ஆயில் கூலரைச் சுற்றிக்கொண்டு குறுக்குவழியில் போய்விடும். 185 பாரன்ஹீட் (85 செல்சியஸ்) வாக்கில் முழுக்க நீண்டு, அதன் கூம்பு எதிரே உள்ள சீட்டில் (கூம்பு பொருந்தும் வட்ட விளிம்பு) உட்கார்ந்து குறுக்குவழியை அடைக்கும். அப்போதுதான் ஆயில் முழுவதும் கூலருக்குத் திரும்பும்.

லாக் ஒயரை (திருகு கழன்றுவிடாமல் கட்டிய கம்பி) வெட்டி வால்வைக் கழற்றுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் கம்பியால் தொங்கவிடுங்கள். வால்வும் சரி, தெர்மாமீட்டரும் சரி, பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. 65 செல்சியஸில் ஒரு முறை, 85-இல் ஒரு முறை வெர்னியர் காலிபரால் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீளவே இல்லை அல்லது பாதியில் நின்றுவிட்டது என்றால் புதிது போடுங்கள். நன்றாக நீண்டாலும் வேலை முடிந்துவிடாது. கூம்பின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீட்டைத் தொட்ட இடத்தில் மெல்லிய, முழு வட்டமான பளபளப்பு தெரிய வேண்டும். பிறை மாதிரி பாதி வட்டம்தான் தெரிகிறது என்றால் ஒரு பக்கம் ஆயில் கசிந்துகொண்டே இருக்கிறது. டார்ச் அடித்து அடாப்டருக்குள் சீட்டையும் பாருங்கள். அது குழி விழுந்திருந்தால் எத்தனை புது வால்வு போட்டாலும் அதே கதைதான். வால்வைப் பிடித்து நிறுத்தும் நட் விரலுக்கே சுழன்றால் யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள். திரும்பப் பூட்டும்போது புது செம்பு வாஷர், புது லாக் ஒயர். பிறகு தரையில் ஓட்டிக் கசிவு பார்த்துவிட்டுப் பறக்கவும்.

வால்வு நன்றாக இருந்தும் ஆயில் குறைவு என்றால் கூலரின் வாய்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா பாருங்கள். அப்படி இருந்தால் மேலே காற்று சிக்கிக்கொண்டு பாதிக் கூலர் சும்மா கிடக்கும். எப்போதாவது இந்த இன்ஜின் உலோகத்தூள் கக்கியிருந்தால் அந்தக் கூலரைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

என் கணிப்பு, உங்கள் விமானத்தில் பிரச்சினை காற்றுதான். இரவில் கவுலிங்கை (இன்ஜின் மூடி) மாட்டி, உள்ளே மேல்பாகத்தில் ஒரு விளக்கைப் போட்டு வெளியிலிருந்தும் கீழ்வழியாகவும் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்று கசியும் இடம். ரப்பர் சீல்கள் முன்பக்கம், உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றழுத்தமே அவற்றைக் கவுலிங்கோடு அழுத்தும். ஒரு துண்டு பின்னால் மடிந்திருந்தால் அது திறந்த ஜன்னல். கவுலிங்கின் உள்பக்கம் சீல் உரசிய கறுப்புக் கோடு ஓடும். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே சீல் தொடவில்லை. சின்ன இடுக்குகளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கான் போதும்.

கூலர் இருப்பது நான்காம் சிலிண்டருக்குப் பின்னால். பேஃபிளில் வெட்டிய துளை கூலரின் முகத்தைவிடச் சிறியதாக இருந்து ஓர வரிசைகளை மறைக்கிறதா? பின்பக்கம் ஹோஸோ இன்ஜின் மவுன்ட் குழாயோ முட்டிக்கொண்டு நிற்கிறதா? போன குளிர்காலத்தில் மறைப்புக்கு வைத்த தகடு இன்னும் அங்கேயே இருக்கிறதா? சிரிக்காதீர்கள், நடக்கிறது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) கூலர் வைத்து 3 அங்குல டக்ட் (காற்றுக் குழாய்) இழுத்திருப்பவர்கள் 4 அங்குலத்துக்கு மாறினால் காற்று வழியின் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும்.

கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால் அளந்துவிடுங்கள். இன்ஜினுக்கு மேலே ஒரு சிறு குழாய், கீழே ஒன்று. முனைகளை அடைத்து, பக்கவாட்டில் ஊசித் துளைகள் போட்டால் நேர்க்காற்று ஏமாற்றாது. இரண்டையும் உதிரியாகக் கிடக்கும் ஒரு வேகமானியில் மாட்டுங்கள்: மேலேயிருந்து வருவது பிட்டாட் (எதிர்க்காற்றின் அழுத்தம் நுழையும்) வாயில், கீழேயிருந்து வருவது ஸ்டாட்டிக் (சுற்றுப்புற அழுத்தம் நுழையும்) வாயில். விமானத்தின் சொந்த பிட்டாட் லைனைத் தொட வேண்டாம். 100 நாட் (மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் 16.5 சென்டிமீட்டர் நீர்மட்டம். 100 நாட்டில் ஏறும்போது அந்த வேகமானி 85 நாட் காட்டினால் 12 சென்டிமீட்டர் கிடைக்கிறது, என் அளவுகோலில் அது நல்லது. 70 காட்டினால் 8 சென்டிமீட்டர்தான். ஒன்று மேலே ஒழுகுகிறது, அல்லது கீழே வெளியேறும் வாய் குறுகல். கவுலிங்கின் அடியில் லூவர் (காற்று வெளியேறும் கீற்றுத் திறப்பு) வெட்டுவது அதற்கப்புறம்தான்.

ஆயில் அளவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 8 குவார்ட் சம்ப்பில் 6-7 வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் புதிது, 50 மணி நேரம் இன்னும் ஓடவில்லை என்றால் பிஸ்டன் ரிங் உட்காரும்வரை கொஞ்சம் சூடு கூடவே இருக்கும். பழைய இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் பாருங்கள், ரிங் தாண்டி வரும் வாயு ஆயிலைச் சூடாக்கும். கோளாறு சரியாகும்வரை 110-120 நாட்டில் ஏறுங்கள். ஆயில் அழுத்தம் 55 பிஎஸ்ஐ-க்குக் கீழே சரியத் தொடங்கினால் சோதனையை நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் அப்போது பெரிய கூலர் வாங்குங்கள்.

லைகாமிங்குக்குப் பதில் ரோடாக்ஸ் 912 இன்ஜின் வைத்திருப்பவர்கள் வெர்னாதெர்ம் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் கூலர் இருப்பது டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே, உறிஞ்சும் பக்கத்தில். அங்கே ஒரு குறுகலான ஃபிட்டிங் போட்டால் சூடு குறைவதற்குப் பதில் ஆயில் அழுத்தம்தான் விழும்.